மணம் போன ருசிக்காரர்

ருசிக்காரர் குளிக்கிற சோப்புக்கு வாசனை கிடையாது. அவர் மனைவி குளிக்கிற சோப்புக்கும் கிடையாது. துணி துவைக்கிற பொடி, பாத்திரம் தேய்க்கிற கட்டி, தரை துடைக்கிற தண்ணீர் எதற்கும் வாசனை இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்வரை வெங்காயம் நறுக்கக் கூடாது, எதையும் வறுக்கக் கூடாது. முகத்துக்குப் பவுடர் போடுவதானால் அவர் தெருமுனை தாண்டிய பிறகு போட்டு, அவர் திரும்பி வருவதற்குள் கழுவிவிட வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனது சம்பளத்துக்காக இல்லை, சோப்புக்காகத்தான் என்று அவர் மச்சான் சொல்வான். ருசிக்காரர் அதற்குச் சிரிப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குத் தோன்றாத விஷயங்கள் நிறைய உண்டு.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் ஒரு மூக்கு. ஊர்க்கோடியில் சாக்லேட் சீரியல் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. சோளமாவையும் அரிசிமாவையும் இயந்திரத்தில் அழுத்திப் பொரியவைத்த சின்னச் சின்ன உருண்டைகள். அவற்றைப் பெரிய டிரம்மில் போட்டு உருட்டி, சர்க்கரையும் கோகோவும் எண்ணெயும் கலந்த பாகை மேலே தெளித்து, உலர்த்தி, பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். பிள்ளைகள் காலையில் கிண்ணத்தில் கொட்டிப் பாலை ஊற்றிச் சாப்பிடுவார்கள். உருண்டையை விட, கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சுகிற பழுப்புப் பாலுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அந்த உருண்டையில் சேர்கிற கோகோத் தூள் மூட்டை மூட்டையாக லாரியில் வரும். வருகிற ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் எடுத்து, வெந்நீரில் கரைத்து, முகர்ந்து, வாயில் சுழற்றித் துப்பி, சேர்க்கலாமா கூடாதா என்று சொல்வது ருசிக்காரரின் வேலை.

நாக்கு வேலை என்று வெளியே பேசிக்கொண்டாலும் உழைப்பதெல்லாம் மூக்குதான். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு சாக்லேட்டைத் தின்று பாருங்கள். கசப்பு தெரியும், இனிப்பு தெரியும். சாக்லேட் தெரியாது.

அவர் அந்த வேலைக்கு வந்ததே ஒரு விபத்து. மூட்டை இறக்க வந்தவர் அவர். ஒருநாள் லாரியிலிருந்து இறக்கிய மூட்டையில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது என்றார். அங்கிருந்த வேறு யாருக்கும் அடிக்கவில்லை. விசாரித்தால், அதே லாரி முந்தின நடையில் மண்ணெண்ணெய் டின் ஏற்றிப் போயிருந்தது. அப்போதிருந்த மேலாளர் அவரைக் கையோடு ருசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் என்று ஒரு பழமொழி தொடங்குமே, அதன் மீதிப் பாதியை ருசிக்காரர் வாழ்ந்து காட்டினார். பின்னாளில் அவரே சொல்வார்: "மூக்கு ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. நான் என்னமோ ஆள் முழுக்க நல்லா இருக்கிறதா நினைச்சுக்கிட்டேன்."

அந்த வாழ்வுக்கு விலை கொடுத்தது மனைவி. கல்யாணமான புதிதில் அவள் ஒரு பெரிய கடையில் சென்ட் விற்கிற பிரிவில் இருந்தாள். வாசலில் வருகிற ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இவருக்கு எது பொருந்தும் என்று எடுத்து நீட்டுவாள். பெரும்பாலும் அதையே வாங்கிக்கொண்டு போவார்கள். மாலையில் வீட்டுக்கு வரும்போது அவள் மணிக்கட்டிலும் துணியிலும் பத்து விதமான மணம் இருக்கும். நாற்காலி கிடைத்த மறுவாரமே ருசிக்காரர் சொல்லிவிட்டார்: நீ வீட்டுக்குள் வந்தால் என் மூக்கு அன்றைக்கு முழுக்க வேலைக்கு ஆகாது, அந்த வேலையை விட்டுவிடு. அவள் எதிர்த்துப் பேசவில்லை. விட்டுவிட்டு, ஸ்டேஷனரி கடை ஒன்றில் சேர்ந்தாள். காகிதத்துக்கும் வாசனை உண்டு, ஆனாலும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டேன் என்று ருசிக்காரர் பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

இப்படிப்பட்ட மூக்கு ஒரு கோடைக்காலத்தில் போய்விட்டது.

பெரிய வியாதி ஒன்றும் இல்லை. சாதாரண ஜலதோஷம். வந்தது, சில நாள் இருந்தது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று கோப்பையில் கோகோவைக் கரைத்துக் கண்ணை மூடி இழுத்தார். ஒன்றுமே இல்லை. மூக்கடைப்பும் இல்லை, காற்று தாராளமாகப் போய் வந்தது. போன காற்று எந்தச் செய்தியும் கொண்டுவரவில்லை. வாயில் ஊற்றினார். கசப்பான வெந்நீர். ஊருக்கு மறுகோடியில் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு டாக்டராகத் தேடிப் போனார். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வந்தாலும் வரும், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு, பஸ் கண்டக்டரே சொல்லியிருப்பார் என்று ருசிக்காரர் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். தொழிற்சாலையில் வேறு வேலை கொடுத்திருப்பார்கள், அதுகூட அவருக்குத் தெரியும். சொல்ல விடாமல் தடுத்தது வீடு. எந்த மூக்குக்காக அவள் பிடித்த வேலையை விட்டாளோ, எந்த மூக்குக்காக இத்தனை வருஷம் வாசனையில்லாத சோப்பைத் தேய்த்தாளோ, அந்த மூக்கு ஒரு ஜலதோஷத்தில் போயே போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் நொந்துபோவாள். அவள் முகத்தைப் பார்க்கத் தன்னால் முடியாது. தொழிற்சாலையில் சொன்னால் அங்கேயே வேலை பார்க்கிற மச்சான் மூலம் மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே எங்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். கோழைத்தனத்துக்கு அன்பு என்று பெயர் வைப்பது சுலபம். அவரும் வைத்தார்.

வீட்டில் நடிப்பு இரட்டை வேஷமாக இருந்தது. மூக்கு இருந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது வாசனையைக் கண்டுபிடித்துச் சண்டை போடுகிற மனிதர் திடீரென்று சாதுவாகிவிட்டால் சந்தேகம் வராதா? அதனால் அவ்வப்போது, எந்த முகாந்திரமும் இல்லாமல், கூடத்தின் நடுவில் நின்று காற்றை இரண்டு முறை இழுப்பார். "என்ன இது, புதுசா ஏதோ வாசனை?" என்பார். மனைவி தையலிலிருந்து தலையை நிமிர்த்தி, "அப்படியா?" என்பாள். "ஜன்னலைத் திற" என்று உத்தரவு போட்டுவிட்டு, இன்றைய பொழுது தப்பியது என்று உட்காருவார்.

தொழிற்சாலையில் சமாளித்தது வேறு மாதிரி. கோகோவில் வெளிர் நிறத்தில் ஒன்று வரும், புளிப்பு தூக்கலாக இருக்கும். அதையே பக்குவப்படுத்திக் கருக்கவைத்த இன்னொன்று வரும், அது சாது. இரண்டையும் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். தூள் நயமாக அரைபட்டிருக்கிறதா என்று நாக்கில் நெருடுவதை வைத்துச் சொல்லலாம். இவற்றோடு, யாரும் கேள்விப்படாத இன்னொரு உபாயமும் அவர் வைத்திருந்தார். அந்த உபாயத்தின் பெயர் மச்சான்.

மச்சான், மனைவியின் தம்பி, அதே தொழிற்சாலையில் டிரம் ஓட்டுகிறவன். ஒவ்வொரு லோடு வரும்போதும் ருசிக்காரர் அவனைக் கூப்பிட்டு ஒரு கோப்பையைக் கையில் கொடுப்பார்.

"நீயும் கத்துக்கணும்டா. எனக்கு அப்புறம் யாரு இருக்கா? நல்லா இழு. என்ன தெரியுது, சொல்லு."

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா இருக்குன்னா? வேற வாசனை ஏதாவது கலந்து வருதா?"

"இல்ல மாமா. நல்லா இருக்கு."

உடனே ருசிக்காரர் தானும் ஒரு மிடறு சுழற்றித் துப்பி, கூரையைப் பார்த்து யோசித்து, "ம், பரவாயில்லை, தேறிக்கிட்டு வர்றே" என்பார். தாளில் 'ஆழ்ந்த மணம், சேர்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இப்படியே கோடை போயிற்று, மழையும் தொடங்கிற்று. அந்தக் காலம் முழுக்க அந்தத் தொழிற்சாலைக்கு வந்த கோகோ எல்லாவற்றையும் சோதித்தது, எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்று சொல்கிற ஒரு மனிதன்.

இதற்கு நடுவில் தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். கெட்டிக்காரர், நேர்மையானவர், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். கோகோ பார்க்கிற இவரோடு, எண்ணெயும் மாவும் பார்க்கிற மற்ற இரண்டு ருசிக்காரர்களையும் சேர்த்து மறுபடி பரீட்சை எழுதவைப்பது என்று தீர்மானித்தார். பரீட்சை இதுதான்: மூன்று கோப்பை. இரண்டில் ஒரே கோகோ, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. தூளும் ஒரே நயத்தில் சலித்தது.

ருசிக்காரர் உள்ளே போய் உட்கார்ந்ததும் முதுகில் வேர்த்துவிட்டது. மூன்றையும் குடித்தார். மூன்றும் கசப்பான வெந்நீர். திரும்பவும் குடித்தார். பிறகு குருட்டாம்போக்கில் நடுக்கோப்பையைத் தொட்டார். சரி என்றார்கள். இரண்டாம் சுற்றில் ஓரக்கோப்பையைத் தொட்டார். அதுவும் சரி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது. ஆனால் காக்கைக்குக் கைதட்டினார்கள். மற்ற இருவரும் ஒரு சுற்றில் கோட்டைவிட்டிருந்ததால், மேடம் எல்லாரையும் கூட்டிவைத்து, அனுபவம் என்றால் என்ன என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார். ருசிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒளிந்துகொள்ள மேஜைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார் என்பதுதான் நிஜம்.

மழை வலுத்த வாரத்தில் ஒரு லோடு வந்தது. மச்சான் கோப்பையை முகர்ந்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "நல்லா இருக்கு மாமா" என்றான். ருசிக்காரர் கையெழுத்துப் போட்டார். தூள் பாகில் கலந்தது, பாகு டிரம்மில் ஏறியது, உருண்டைகள் பழுப்பாகிப் பெட்டிக்குள் போய், பெட்டிகள் கிடங்கில் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டன. மறுநாள் லாரி ஏற வேண்டியது.

டீ வேளையில் மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் சட்டைக் கையை முகர்ந்துகொண்டான்.

"என்ன மாமா, இந்த லோடு புதுச் சரக்கா? டிரம் பக்கம் நிக்கவே முடியல. விறகு அடுப்பு முன்னாடி உக்காந்திருந்த மாதிரி சட்டையெல்லாம் புகை நாத்தம்."

ருசிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். மழைக்காலத்தில் கோகோக் கொட்டை வெயிலில் காயாது. பொறுமையில்லாதவர்கள் அடியில் நெருப்பைப் போட்டு உலர்த்துவார்கள். அந்தப் புகை கொட்டைக்குள் ஏறிவிட்டால் வறுத்தாலும் போகாது, அரைத்தாலும் போகாது, சர்க்கரை போட்டாலும் போகாது. ருசி அறை என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி லோடை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குத்தான்.

"ஏன்டா, காலையில கேட்டேனே. நல்லா இருக்குன்னியே."

"நீங்க என்னைச் சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன் மாமா. நான் வந்த புதுசுல ஒருநாள் மண் வாசனை வருதுன்னு சொன்னேன். மண்ணு உன் மூக்குலதான் இருக்கு, போய்க் கழுவிட்டு வான்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. அதுலேருந்து நான் எதுவும் சொல்றதில்ல. நீங்க பாஸ் பண்ணினா சரியாத்தான் இருக்கும்."

"நீ சொன்னதை வச்சுத்தான்டா நான் பாஸ் பண்ணினேன்."

"நான் சொன்னதையா? நானே உங்களை நம்பித்தான் சொன்னேன் மாமா."

ருசிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் அவனை நம்பியிருக்கிறார், அவன் அவரை நம்பியிருக்கிறான், நடுவில் கோகோவை முகர்ந்து பார்த்து உண்மை சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஒருவனுடைய வாயையும் பல வருஷத்துக்கு முன்னால் அடைத்தது தன் வாய்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று பயந்துகொண்டிருந்தவர், சோற்றை அள்ளி ஊர்ப் பிள்ளைகளின் கிண்ணத்தில் போடப் போகிறோம் என்று நினைக்கவே இல்லை. இன்னும் சில நாளில் ஒரு காலையில் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு குழந்தை ஒரு கரண்டி வாயில் வைத்துத் துப்பும். அதன் அம்மா, சாப்பிட மறுக்கிறது என்று அதைத் திட்டுவாள். திட்டு வாங்க வேண்டியது யார் என்று அவருக்குத் தெரியும். எழுந்து நேராக மேடம் அறைக்குப் போனார். என்னமோ ஏதோ என்று மச்சானும் பின்னாலேயே வந்தான்.

மேடம் ஒரு பெட்டியைப் பிரித்து முகர்ந்ததும் முகம் மாறிவிட்டது. கிடங்குக்குப் போன் போட்டு, ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது என்றார். பிறகு ருசிக்காரரிடம் திரும்பினார்.

"இது உங்ககிட்ட எப்படித் தப்பிச்சுது சார்?"

"எனக்கு மூக்கு வேலை செய்யல மேடம். வெயில் காலத்துலேருந்தே. ஜலதோஷத்துல போயிருச்சு."

மேடம் அவரைப் பார்த்தார். பின்னால் நிற்கிற மச்சானைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் குறைந்து ஒருவித மரியாதை வந்து உட்கார்ந்தது.

"சிவப்பு விளக்குல ரெண்டு சுத்துலயும் சரியாச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். நான்தான் பக்கத்துல நின்னேன். சார், நீங்க பாஸ் பண்ணின மூட்டைக்குப் பதிலா டிரம்ல வேற மூட்டையைக் கொட்டியிருக்காங்க, அவ்வளவுதானே? மச்சானைக் காப்பாத்தணும்னு பழியை உங்க மேல போட்டுக்கறீங்க. உங்க மனசு புரியுது. ஆனா தப்பு பண்ணினவரை நான் வேலையில வச்சுக்க முடியாது."

"மாமா, வேணாம் மாமா" என்றான் மச்சான் குரல் தழுதழுக்க. அவன் எந்த மூட்டையையும் மாற்றவில்லை. ஆனால் மாமா தனக்காக உயிரையே விடப் போகிறார் என்று அவனும் நம்பிவிட்டான். "நானே மாத்திக் கொட்டினேன்னு சொல்லிடறேன் மாமா."

"நீ வாயை மூடுடா" என்றார் ருசிக்காரர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவரைத் தியாகி என்று நினைக்கிறார்கள், அதுவும் தப்பாக. ஒரு கணம் சபலம் தட்டியது என்பதை மறைப்பானேன். பேசாமல் நின்றால் போதும், மூக்கும் தப்பும், பேரும் கிடைக்கும். ஆனால் மச்சானுக்கு வீட்டில் கைக்குழந்தை. "மேடம், மறுபடியும் பரீட்சை வையுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிரூபிச்சுக் காட்டறேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று கோப்பை வந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாம் என்றால், எது சரி என்று தெரிந்தால்தானே தப்பாகச் சொல்ல முடியும். கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கோப்பையைக் காட்டினார்.

"சரி" என்றார் மேடம்.

"இது அதிர்ஷ்டம் மேடம்."

"மூணாவது தடவையா சார்?"

ருசிக்காரர் நொந்துபோனார். வேண்டாத நாளெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிற அதிர்ஷ்டம் இப்போது மட்டும் விட்டுப் போகுமா? அலமாரியில் மாதிரி வாசனைகள் அடைத்த சின்னச் சின்னப் புட்டிகள் இருப்பது நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, கெட்ட வாசனை இன்னின்னது என்று காட்டுவதற்கு வைத்திருந்தவை. அதில் ஊசிப்போன வெண்ணெய் வாசனைப் புட்டி ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ருசிக்காரர் அதை எடுத்து, மூடியைக் கழற்றி, மூக்கோடு ஒட்டவைத்து நிதானமாக இழுத்தார். மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மச்சான் அறையை விட்டே ஓடிவிட்டான். ருசிக்காரர் மறுபடி இழுத்தார். அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"என்ன தெரியுது சார்?" என்று ஜன்னலிலிருந்து மேடம் கேட்டார்.

"கண்ணாடி சில்லுன்னு இருக்கு மேடம்."

மேடம் அதற்குப் பிறகுதான் நம்பினார். புகை பிடித்த பெட்டிகள் எல்லாம் மாட்டுத் தீவனத்துக்குப் போயின. மாடுகள் புகார் சொன்னதாகத் தகவல் இல்லை. ருசிக்காரருக்கு ருசி அறை போய்ப் பால் மேஜை வந்தது. கிண்ணத்தில் உருண்டைகளைப் போட்டுப் பாலை ஊற்றி, எவ்வளவு நேரம் மொறுமொறுப்பு நிற்கிறது, பால் எவ்வளவு பழுப்பாகிறது என்று பார்க்கிற வேலை. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது. காது இருந்தால் போதும், கண் இருந்தால் போதும். முகர்கிற வேலைக்கு யார் என்ற பேச்சு வந்தபோது, புகையைக் கண்டுபிடித்துச் சொன்னவன் மச்சான்தானே என்று மேடம் சொன்னார். ஆக மச்சான் நாற்காலிக்குப் போனான். மூக்கு எப்படியோ குடும்பத்தை விட்டுப் போகவில்லை என்று ருசிக்காரர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். அவர் கோடையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விஷயம் இன்னும் வீட்டில் உட்கார்ந்திருந்தது. தொழிற்சாலை வாசலில் மச்சான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

"அக்காகிட்ட நானும் வந்து சொல்லட்டுமா மாமா?"

"எதுக்கு? உங்க அக்கா என்னைக் கிழிகிழின்னு கிழிக்கும்போது பக்கத்துல நின்னு நல்லா இருக்குன்னு சொல்லவா? நீ வீட்டுக்குப் போ."

அவர் உள்ளே நுழைந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் இன்னும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. ஜலதோஷத்தில் தொடங்கி, டாக்டர், கோப்பை, மச்சான், புகை, புட்டி எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"எனக்கு மூக்கு போயிடுச்சும்மா" என்று கடைசியில் ஒரு தடவை தனியாகச் சொன்னார், விட்டுப்போயிருக்குமோ என்று.

"தெரியும்" என்றாள்.

"உன் தம்பி சொல்லிட்டானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? ஜலதோஷம் விட்டு ஒரு வாரத்துல அடுப்புல பாலை வச்சுட்டு மாடிக்குப் போயிட்டேன். தீய்ஞ்சு வீடு பூரா நாறுது. நான் ஓடி வர்றேன், நீங்க இதே நாற்காலியில உக்காந்து நிம்மதியா பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. அப்பவே சந்தேகம்தான். மறுநாள் வாசனை சோப்பு ஒண்ணு வாங்கிக் குளிச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். நீங்க டீ கேட்டீங்க."

ருசிக்காரர் காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அப்புறம் சென்ட் வாங்கினேன். முதல்ல ஒரு சொட்டு. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போனேன். என்ன விசேஷம்னு பக்கத்து வீட்டுல கேட்கிற அளவுக்கு. நீங்க ஒண்ணும் சொல்லல. நான் எதுவும் போடாம இருந்த அன்னைக்குப் பார்த்து, கூடத்துல நின்னு, என்ன வாசனை இது, ஜன்னலைத் திறன்னு கத்துனீங்க."

வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது. தான் நடித்த நாடகத்துக்கு ஒரே ஒரு பார்வையாளர், அவர் கோடையிலிருந்தே கதையின் முடிவு தெரிந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். சிரிப்பு வந்தது, சிரிக்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷம் உன்னை ரொம்பப் படுத்திட்டேன்" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். இல்லை என்று சொல்வாள் என அவர் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார். அந்தச் சொல் மார்பில் போய்த் தைத்தது.

"தெரிஞ்சதுமே ஏன் கேட்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் உடைச்சுச் சொல்லியிருப்பேனே."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க. உங்களுக்கு ஒண்ணு போயிருக்கு, எனக்குச் சந்தோஷமா இருக்கேன்னு வெக்கமாவும் இருந்துச்சு. கேட்டா நீங்க டாக்டர் டாக்டரா ஏறி இறங்குவீங்க. எங்க திரும்ப வந்துருமோன்னு பயந்துதான் கேட்கல."

அவள் நொந்துபோவாள் என்று இத்தனை நாள் பயந்ததை ருசிக்காரர் நினைத்தார். தன் மூக்கைப் பற்றி உலகமே கவலைப்படும் என்று எண்ணியவருக்கு இது வேண்டியதுதான். கண் கலங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஒருவேளை திரும்பி வந்துட்டா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள்.

"வந்தா வரட்டும். நான் சோப்பை மாத்த மாட்டேன்."